டிரையல் ரூம் வாசலில் நின்ற ஆள்

என் மகளுக்குத் தி. நகரில் ஐந்து மாடித் துணிக்கடையில், பட்டுப் பிரிவில் வேலை. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியதும், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளில் இரண்டு இடைவேளை உண்டு என்று சட்டத்தையே எடுத்துக் காட்டினாள். மேலாளர் முனகினார்.

"சரிம்மா, டிரையல் ரூம்ல குடுத்துக்க. ஒரு கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தாலும் அதோட நிறுத்திடுவேன்."

நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவன் என்பதால், பேத்தியைக் கொண்டுபோவது என் பொறுப்பானது. மாம்பலம் ஸ்டேஷன் பாலம் ஏறி, ரங்கநாதன் தெரு நெரிசலில் அவளை மார்போடு அணைத்தபடி நடப்பேன். யார் முழங்கை இடிக்குமோ என்று எனக்கு வியர்க்கும். அவளோ கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் பூக்களைப் பிடுங்கப் பார்ப்பாள்.

முதல் நாள், மகள் குழந்தையோடு உள்ளே போய்த் தாழிட்டாள். தாழ் சரியாக விழவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஓர் அம்மாள், போட்டுப் பார்க்க ரவிக்கையோடு வந்தார். கழுத்தில் சிலுவை கோத்த தங்கச் சங்கிலி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, லேடீஸ் ரூம் வாசல்ல இன்னா பண்ணிக்கினு கீற?"

"உள்ள... பொண்ணு..."

"பொண்ணு கீதுன்னு தெரிஞ்சேதான் நிக்கிறியா? செக்யூரிட்டி! இந்தாளப் புடிப்பா!"

செக்யூரிட்டி என் சட்டைக் காலரைப் பிடித்தார். இந்த வயதில் முதல் முறை. கைப்பிடியை மட்டும் நான் விடவில்லை. மேலாளர் ஓடி வந்தார். கம்ப்ளெயின்ட் வந்தேவிட்டது, அதுவும் என்னால். மகளின் இடைவேளை போயிற்று என்றே நினைத்தேன்.

உள்ளே பேத்தி வீறிட்டாள்.

"அப்பா, கைய எடுங்க, கதவத் திறக்கணும்!" மகள் வெளியே வந்தாள். "இவர் என் அப்பாம்மா. நான் உள்ள பால் குடுத்துட்டிருந்தேன்."

அந்த அம்மாள் குழந்தையைப் பார்த்தார். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், அஞ்சு மாடி கட்டிக்கினு கீறீங்க, பச்சப் புள்ளைக்குப் பால் குடுக்க ஒரு ரூம் இல்லியா? பாவம், இந்த மனுசன் தாழ்ப்பாளாட்டம் நின்னுக்கினு கீறாரு!"

"நாங்களா பார்த்து பெர்மிஷன் குடுத்தோம்மா... கம்ப்ளெயின்ட் வந்தா நிறுத்திடுவோம்னு சொல்லித்தான்..."

"அது சட்டத்துலயே இருக்கு சார்" என்றாள் மகள், மெதுவாக.

"கேட்டியா? கம்ப்ளெயின்ட் தான வேணும் உனுக்கு? நா குடுக்கறேன். ரூம் இல்லன்றதுதான் என் கம்ப்ளெயின்ட். ரூம் வந்தாத்தான் எங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு இங்க பட்டு."

பட்டு என்றதும் மேலாளர் முகம் மாறியது.

அடுத்த வாரமே, சேலை கட்டிக் காட்டும் பழைய பொம்மைகள் நின்ற சிறிய அறை காலியானது. ஒரு நாற்காலி, மின்விசிறி, கெட்டியான தாழ்ப்பாள். சீக்கிரமே மகப்பேறு விடுப்பில் போகப்போகும் பில்லிங் பெண் ஒருத்தி வந்து, தாழை இரண்டு முறை போட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அதே செக்யூரிட்டி இப்போது எனக்கு வாசலில் ஸ்டூல் போடுகிறார். நான்தான் அதைக் கதவிலிருந்து நன்றாகத் தள்ளி இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்காருகிறேன்.