ரோலர் புஷ்ஷும் எழுதாத துண்டும்

1. கட்டையில் நின்ற லொறி

"இத ஓட்டிக் காட்டு. ஓடினா நீதான் டிரைவர்" என்றார் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை.

எழுபதுகளின் முற்பகுதி. ஸ்பிரிங்வெளிப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் ஃபெக்டரி மெஷின் பிட்டருக்கு உதவியாளாக இருந்தேன். யுத்த காலத்தில் வந்த அந்த இங்கிலாந்து லொறி ஃபெக்டரிக்குப் பின்னால் நான்கு வருடமாக ஓடாமல் கட்டையில் நின்றது. டிரைவிங் லைசன் என்னிடம் இருந்தது. டிரைவருக்குத் தனி குவாட்டர்ஸ் உண்டு. நாங்களோ ஆறு பேர் தொழிலாளர் லயத்தில் ஒரே காம்பரா அறையில் கிடந்தோம். அந்த ஆசையில்தான் வேலையில் இறங்கினேன்.

ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைத்தேன். வெலிமடையில் உடைத்துப் போட்ட மரக்கறி லொறியிலிருந்து டைனமோ கிடைத்தது. முன் சக்கரங்கள்தான் ஆடின. சக்கரங்கள் திரும்பும் கிங் பின்னைத் தாங்கும் நான்கு புஷ் வளையங்களும் தேய்ந்துவிட்டன. இறக்குமதி நின்றிருந்த காலம். கொழும்பில் ஒளித்து விற்றவர்கள் கேட்ட விலைக்குத் துரை கையெழுத்து வைக்கமாட்டார்.

2. சலீம் நானாவின் லேத்

பதுளையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த சலீம் நானா, தேய்ந்த புஷ்ஷை விரலில் மாட்டிச் சுழற்றினார்.

"இது லொறியா, மய்யத்தா தம்பி? அடக்கிப் போட்டு ஊட்டுக்குப் போங்க."

மற்ற மூன்று புஷ்ஷையும் அவர் மேசையில் வைத்தேன். அவரே இறங்கி வந்தார்.

"சரி, கன்மெட்டல் கொண்டாங்க. உருக்கி வாத்து லேத்துல கடஞ்சி தாறன். பித்தளையக் கொண்டு வந்திராதீங்க, மூணு மாசம் தாங்காது."

கொழுந்து அரைக்கும் ரோலரிலிருந்து கழற்றிய பழைய கிராங்க் புஷ் ஒன்று ஃபெக்டரி மூலையில் கிடந்தது. நல்ல கன்மெட்டல் வெண்கலம். ஆனால் ஒரு ஆணி வெளியே போவதென்றாலும் ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு வேண்டும். அவர் அரைத்த கொழுந்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் பழைய புஷ்ஷு... துண்டு..."

"லொறிக்குத்தானே? தூக்கிட்டுப் போப்பா. துண்ட அப்புறம் எழுதுறேன். இப்ப உசிர வாங்காத."

அவர் பெயரைச் சொன்னதும் வாசல் காவல்காரரும் விட்டுவிட்டார். அதன்பின் தினமும் டீமேக்கரின் மேசையைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். ஒரு துண்டுக்காக அவரை நச்சரிக்க வெட்கமாக இருந்தது.

நானா கடைந்த புஷ்களைப் போட்டு, தேயிலைப் பெட்டி ஏற்றிப் பதுளைக்குப் போய் வந்தேன். ஸ்டேரிங் ஆடவில்லை.

"மாசம் பொறக்கட்டும், குவாட்டர்ஸ் சாவி தர்றேன்" என்றார் துரை.

3. விசாரணை

மாதம் பிறப்பதற்குள் அரசாங்கம் தோட்டத்தை எடுத்தது. துரை போய்விட்டார். புதிய துரை சாமான் பட்டியலை வைத்து எண்ணினார். கிராங்க் புஷ் ஒன்று குறைந்தது.

"நீ எடுத்தியா?"

"எடுத்தேங்க."

"யாரு குடுத்தா?"

டீமேக்கரைப் பார்த்தேன். அவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்க. துண்டு இருந்தா காட்டட்டும்" என்றார்.

அந்தக் கன்மெட்டல் முப்பது அடி தள்ளி லொறியின் முன் சக்கரங்களில்தான் இருந்தது. ஜாக்கி வைத்துக் கழற்றிக் காட்டியிருக்கலாம். காவல்காரரைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். என் வாய் திறக்கவில்லை. களவு என்று எழுதிப் பேரை வெட்டி வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

"லொறிக்கிட்ட மணிக்கணக்கா பேசுற. மனுசங்கிட்ட ரெண்டு வார்த்த வரலியா?" என்று என் மனைவி கேட்டாள்.

எங்கள் சட்டி பானைகளைப் பதுளையில் இறக்கியது அதே லொறிதான். புதிய டிரைவர் வளைவில் ஒரு விரலால் ஸ்டேரிங்கைத் திருப்பிக் காட்டினார்.

"வெண்ணெ மாதிரி இருக்குய்யா. எந்த மெக்கானிக் பாஸ் செஞ்சானோ!"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது சலீம் நானாவின் லேத்தில் நிற்கிறேன். தோட்டங்களிலிருந்து இளம் பிட்டர்கள் சாக்கில் கன்மெட்டல் கொண்டு வருகிறார்கள். அளவு எடுக்குமுன் துண்டைக் கேட்பேன். "டீமேக்கர் வாயால சொன்னாருண்ணே" என்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். திட்டிக்கொண்டே போகிறார்கள். அந்த டீமேக்கரின் முன்னால் வராத குரல் இவர்களிடம் மட்டும் எனக்கு நன்றாக வருகிறது.