துணி வணிகர் வீட்டுச் சம்பந்தம்

கிட்ட வந்து இருங்கோ. கலியாணப் பேச்சு சத்தம் போட்டுச் சொல்லுகிற தொழில் இல்லை. மொன்றியலில் நான் செய்து வைத்த கலியாணங்களைவிட விசாரித்த குடும்பங்கள்தான் அதிகம். பெடியன் எவடம், ஆருடைய ஆக்கள், வீட்டில் ஏதும் நோய் வருத்தம் உண்டோ என்று ஒவ்வொரு சம்பந்தத்துக்கும் நாலு வாசலில் நின்று கேட்க வேண்டும். பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடினவர்களுக்கும், தங்களைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கப்பட்டவர்களுக்கும் இந்த வாதை தெரியும். ஆனால், செத்து ஐந்நூறு வருசமான மனுசனை விசாரித்து வரச்சொல்லி என்னை அனுப்பினவர் லாசால் பக்கத்தில் இருக்கிற நடராசா ஒருவர்தான்.

விசாரியுங்கோ

நடராசா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் அபி. பல் வைத்தியரிடம் வேலை செய்கிற பிள்ளை. அவள் ஒலிவர் என்கிற வெள்ளைக்காரப் பெடியனைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். நடராசா குதிக்கவில்லை, கத்தவில்லை. நேரே என்னிடம் வந்து, "அண்ணை, விசாரியுங்கோ" என்றார்.

நான் தலையைச் சொறிந்தேன். எங்கட ஆக்கள் என்றால் ஊர்க்காரர் ஒருவரைப் பிடிக்கலாம், கோயிலில் கேட்கலாம். பார்க் எக்ஸ்டென்சனில் பலசரக்குக் கடை வரிசையில் நின்றாலே பாதிக் குடும்பத்தின் கதை காதில் விழுந்துவிடும். வெள்ளைக்காரனை எந்தக் கடையில் நின்று விசாரிப்பது? இதைச் சொன்னதுதான் தாமதம், நடராசா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் அண்ணை, வெள்ளைக்காரனுக்கு ஊர் இல்லையோ? வானத்தில இருந்தோ விழுந்தவன்?"

கிளாராவின் நீட்டுக் கடதாசி

ஒலிவரின் தாய் தகப்பன் வன்கூவரில். இங்கே பொறுப்பான ஆள் அவனுடைய பெரியம்மா கிளாரா. தையல் பக்டரியில் பழகின இங்கிலிசு எனக்குப் போதும். போய் மணியை அடித்து, "உங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வந்தேன்" என்றேன். வேறு வீடு என்றால் பொலிசைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த மனுசிக்கோ முகமெல்லாம் வெளிச்சம். வம்சம் தேடுவதுதான் அவவுக்குப் பொழுதுபோக்காம். லண்டன் வரைக்கும் போய்த் தேடி, ஆறு பெண்சாதி கட்டின அரசன் ஆண்ட டியூடர் காலம் வரைக்கும் பிடித்து வைத்திருக்கிறா. விறாந்தையின் நீளத்துக்கு ஒரு கடதாசியை விரித்தா. அதன் உச்சியில் இருந்தவர் தோமஸ். துணி வணிகர்.

நான் என் முறைப்படி தொடங்கினேன். தோமஸ் எந்த ஊர்? இன்ன கிராமம், பிறகு லண்டன். சகோதரங்கள் எத்தனை? அதுவும் சொன்னா. என்ன வருத்தத்தில் செத்தவர்? கொள்ளை நோயாக இருக்கலாமாம். "அது பரம்பரையாக வருமோ?" என்று கேட்டேன். கிளாரா விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றிவிட்டுச் சொன்னா:

"எங்கட வீட்டில இந்தக் கடதாசியை எடுத்தாலே எல்லாரும் எழும்பிப் போயிடுவினம். இருந்து கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

நெய்தவரோ, வித்தவரோ

துணி வணிகர் என்று வந்து சொன்னதும் நடராசா ரிமோட்டைத் தேடி எடுத்தார். ரிவியின் சத்தத்தைக் கூட்டினார். கதிரையை என் பக்கம் இழுத்தார். பிறகு காதுக்குள், "அண்ணை, நெய்தவையோ, வித்தவையோ?" என்றார்.

உங்களுக்கு விளங்கும். எனக்கும் விளங்கியது. எங்கட ஆக்கள் பனிச் சப்பாத்துக்குப் பழகிவிட்டார்கள், மெற்றோவுக்குப் பழகிவிட்டார்கள், பிள்ளைகள் பிரெஞ்சில் வாய் காட்டுவதற்கும் பழகிவிட்டார்கள். இந்தக் கேள்வியை மட்டும் ஒருவரும் விமானத்தில் தவறவிட்டதாக நான் கேள்விப்படவில்லை. வெட்கத்தை விட்டுத் திரும்பவும் கிளாராவிடம் போனேன். தோமஸ் தறியில் இருந்ததே இல்லையாம். கிராமங்களில் நெய்த வெள்ளைத் துணியை வாங்கிக் கப்பலில் அனுப்பினவராம். வந்து சொன்னேன். அதோடு முடியவில்லை. "சாயம் கீயம் போட்டவையோ?" என்று கேட்டார். அதற்கும் ஒருதரம் போய் வந்தேன். சாயம் போட்டது கடலுக்கு அந்தப் பக்கத்து ஆக்களாம். நடராசா கதிரையில் சாய்ந்து மூச்சு விட்டார்.

"அப்ப துணியைக் கையால தொடேல்லை. நல்ல ஆக்கள்தான்."

முதலாளியம்மா

நல்ல ஆக்கள் என்ற பெயர் தோமஸுக்கு ஒரு வாரம்தான் நிலைத்தது. அடுத்த முறை கிளாரா அவர் முன்னேறின விதத்தைச் சொன்னா. சின்னப் பெடியனாக ஒரு வணிகரிடம் தொழில் பழகச் சேர்ந்தாராம். முதலாளி செத்துப்போக, முதலாளியம்மாவைக் கட்டினாராம். மனுசியோடு கடையும் வந்ததாம். அதை அவ ஏதோ பெரிய கெட்டித்தனம் மாதிரிச் சொன்னா. லாசாலுக்கு வந்து நான் அதை அப்படியே இறக்கி வைக்க, நடராசாவின் முகம் கறுத்துப் போனது. "விதவையைக் கட்டினவன்! அதுவும் வீட்டோட மாப்பிள்ளை! தொடக்கமே சரியில்லை அண்ணை" என்றார்.

அவருடைய மனைவி பவளம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. கத்தியோடு வாசலுக்கு வந்து நின்றா.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசி இப்ப உங்கட மகளின்ர மணவறைக்கு முன்னால வந்து நிக்கப் போறாவோ?"

மறியல்

கடைசியாக வந்தது மறியல் கதை, அதாவது சிறைக்குப் போன கதை. தோமஸ் துணியை நனைத்து இழுத்துக் காயவைத்து, நீளத்தைக் கூட்டி விற்றுப் பிடிபட்டாராம். சில மாதம் உள்ளே இருந்துவிட்டு, வெளியே வந்து திரும்பவும் பெரிய ஆளானாராம். கிளாரா இதைச் சொன்னபோது அவவுடைய கண்ணில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். குடும்பத்திலேயே சுவாரசியமான மனுசன் அவர்தானாம்! நான் இதை மறைத்திருக்கலாம். ஆனால், விசாரித்ததை மறைத்தால் என் தொழில் போய்விடும்.

"மறியலுக்குப் போன குடும்பத்தில நாங்கள் செய்யமாட்டம். பேச்சை விடுங்கோ" என்றார் நடராசா. அடுத்தவனுடைய பாஸ்போட்டில் தங்கள் படத்தை ஒட்டிக்கொண்டு வந்து இறங்கினவர்கள் எங்களில் எத்தனை பேர்! வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். அபி வேலையால் வந்த கோலத்திலேயே, கோட்டும் கழற்றாமல் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தகப்பன் இல்லாத கலியாணம் அவளுக்குப் பிடிக்காது என்று எல்லாருக்கும் தெரியும். தகப்பனுக்கும் தெரியும். அந்தத் துணிவில்தான் அந்த மனுசன் நின்றார். அவள் சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, வாற மாசம் நாங்கள் கலியாணப் பதிவு எழுத்து எழுதுறம். நீங்கள் வந்தால் சந்தோசம். வராட்டில் உங்கட கதிரையில ஒருத்தரையும் இருத்தமாட்டன்."

டாக்குத்தர் வீடு

இரண்டு மூன்று நாள் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை பவளம் போன் எடுத்தா. குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறா, பக்கத்தில் மனுசன் இருக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை, ஒலிவரை ஒரு இந்தியாக்கார டாக்குத்தர் வீட்டில மாப்பிள்ளையாக் கேக்கினமாமே, மெய்யோ?"

அப்படி ஒரு டாக்குத்தரை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. ஆனால், என் தொழிலில் எனக்கே பாடம் எடுக்கிற ஒரு மனுசி மறுபக்கத்தில் நிற்கிறா என்று மட்டும் தெரிந்தது. "ஓம் தங்கச்சி, நல்லா அவசரப்படினம்" என்றேன். போனை நடராசா பறித்தார். "மறியல் விசயம் அவைக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். "தெரியும். ஏற்றுமதி வியாபாரத்தில அதெல்லாம் சகசம் எண்டு சொல்லிப்போட்டினம்" என்றேன். எனக்குக் காது அடைத்துப் போகிற அளவுக்குக் கத்தினார்: "அதெப்பிடி? முதல் விசாரிச்சது நாங்கள்! நெய்தவையோ வித்தவையோ எண்டு கேட்டு அறிஞ்சது நாங்கள்! விசாரிக்காமல் வந்து கொத்திக்கொண்டு போகப் பாக்கினமோ?"

அரை மணித்தியாலத்தில் நடராசா கோட்டுப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டிக்கொண்டு கிளாரா வீட்டுக்குச் சம்மதம் சொல்ல வெளிக்கிட்டாராம். கீழே வந்து பார்த்தால் பவளம் கூறைச்சீலை உடுத்து, பயித்தம் பணியாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் பெல்ற்றும் போட்டு இருந்தாவாம். இதை எனக்குச் சொன்னவள் அபி. சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள்.

"மாமா, அம்மா அந்தப் பணியாரத்தை உங்களுக்குப் போன் எடுக்க முதலே சுட்டு ஆறவைச்சிட்டா!"

ஐந்நூறு வருசத்துத் துணி வணிகரின் வம்சத்தை நான் கால் நோக நடந்து விசாரித்தேன். கலியாணத்தைச் செய்து வைத்தது என்னவோ, இல்லாத ஒரு டாக்குத்தர் வீடுதான்.