மாமாவின் காரில் மங்கிய மணி

மாமாவின் காரில் மணி பச்சை நிறத்தில் எரியும். ரேடியோவுக்கு மேலே, தீப்பெட்டி அளவுக் கண்ணாடிக்குள் எண்கள்; நடுவில் இரண்டு புள்ளிகள் விட்டுவிட்டு மினுங்கும். கல்யாணமாகிப் பூண்டுலோயாவுக்கு வந்த அன்று என்னை அந்தக் காரில்தான் அழைத்துவந்தார்கள். பட்டுச் சேலையும் மாலையுமாக, யார் முகத்தைப் பார்ப்பதென்று தெரியாமல், வழி முழுக்க அந்த எண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி ஓட்டியவர் என் மாமனார். "பயப்படாதம்மா, நல்ல நேரம் முடியிறதுக்குள்ள வீட்டுக்குள்ள கால வச்சிடுவ" என்றார். சொன்னபடியே வைத்துவிட்டேன்.

மாமா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். ஓய்வுபெற்றதும் பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடத் தொடங்கினார். நானுஓயாவுக்கு ரயில் பிடிக்கப் போகிறவர்களை ஏற்றிப் போவதுதான் முக்கிய வேலை. அவர் வண்டியில் போய் ரயிலைத் தவறவிட்டவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. ரயில்தான் பிந்தி வந்து மாமாவைக் காக்கவைத்திருக்கிறது. கைக்கடிகாரம் கட்ட மாட்டார், கியர் போடும்போது இடிக்குமாம். போன் சட்டைப் பையில் இருக்கும். அதற்கு மேல் சுவெட்டர், அதற்கும் மேல் ஜாக்கெட். "வளைவுல போன நோண்டுறவன் வீட்டுல சொல்லிட்டுல்ல வரணும்" என்பார். ஆகவே காருக்குள் இருந்த மணிதான் அவருக்கு எல்லாம்.

மாமிக்கு அவர் ஓட்டுவதே பிடிக்காது. மகன் கொழும்பில் சம்பாதிக்கிறான், மருமகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், இந்த வயதில் என்ன ஓட்டம் என்பது அவர் கட்சி. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வாக்குவாதம் முற்றிவிட்டது. "இந்தா, வண்டியில இருக்க மணி என் கண்ணுக்குத் தெரியாத அன்னைக்கு சாவிய நானே கொண்டாந்து குடுத்துர்றேன். போதுமா?" என்றார் மாமா. மாமி விடவில்லை. எச்சில் கையைக் கழுவவைத்துச் சாமி படத்துக்கு முன் நிறுத்தி, கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். கையோடு இன்னொன்றும் சேர்த்தார்: "இனிமே பகல்லயும் லைட்டப் போட்டுத்தான் ஓட்டணும். மூடுபனியில எவன் வாரான்னு யாருக்குத் தெரியும்?" பகலில் லைட் போட்டால் பேட்டரி செத்துப்போகும் என்று நம்பிய லொறிக்காரர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து வண்டி கிளம்பும்போது மாமி வாசலில் நிற்பார்; லைட் எரிந்தால்தான் உள்ளே போவார்.

கொஞ்ச நாளில் மாமாவின் போக்கு மாறியது. காரில் ஏறுகிறவர்களிடம், பேச்சுக் கொடுப்பதுபோல, "மணி என்னங்க ஆவுது?" என்று கேட்கத் தொடங்கினார். ஊருக்கே நேரம் சொன்னவர் ஊரிடம் நேரம் கேட்கிறாரே என்று எனக்கு உறுத்தியது. பிறகு ஒருநாள், மணி மங்கிவிட்டது, வயரில் ஏதோ கோளாறு என்று நுவரெலியா டவுனுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அங்கே கார் வயரிங் வேலை செய்பவர் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் நானா. வண்டியைக் கராஜுக்குள் எடுத்து, மீட்டரைக் கொண்டு தொட்டுப் பார்த்து, "அண்ணே, சோக்கா எரியிதே! இதுல என்னத்தச் செய்ய?" என்று சிரித்தார். எட்டிப் பார்த்தேன். எண்கள் பளிச்சென்றுதான் இருந்தன. மாமாவும் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

திரும்பி வரும்போது, "நின்னா தெரியிது, ஓடுனா தெரியல. அப்ப கோளாறு மணியில இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் சாவியைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டார். கண் டாக்டரிடம் போவோம் என்றேன். "அவரு வேற தனியா சொல்லணுமா?" என்று மறுத்துவிட்டார். மாமி கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. மாமா தினமும் காரைக் கழுவினார். கழுவிய காரையே மறுபடி கழுவினார். அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மாமி குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டார். எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் தங்கை கொழும்பிலிருந்து ரயிலில் வந்தாள். நானுஓயாவுக்குப் போய் அழைத்துவர வேண்டும். லைசன்ஸ் எடுத்துப் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்தவள் நான். சாவியை எடுத்துக்கொண்டு, "மாமா, நீங்க சும்மா பக்கத்துல உக்காருங்க" என்றேன். தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். பாதி வழியில் மூடுபனி இறங்கியது. லைட்டைப் போட்டுவிட்டு, ரயிலுக்கு நேரமிருக்கிறதா என்று மணியைப் பார்த்தேன். மணியைக் காணோம். குனிந்து பார்த்தால் சாம்பல் பூத்ததுபோல் ஏதோ தெரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி லைட்டை அணைத்தேன். பச்சை எண்கள் பளிச்சென்று வந்தன. போட்டேன், போய்விட்டன. "மாமா, இங்க பாருங்க! லைட்டப் போட்டா மணி மங்குது. எனக்கே தெரியல!" மாமா கையை நீட்டி அவரே போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். எதிரே வந்த முச்சக்கர வண்டிக்காரர், தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்து நிறுத்திவிட்டார்.

தங்கையை ஏற்றிக்கொண்டு நேராக நானாவிடம் போனோம். கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ராவுல கண்ணு கூசாம இருக்க, லைட்டப் போட்டா மணி தானா மங்கும் அண்ணே. கராஜுக்குள்ள நான் லைட்டப் போட்டே பாக்கல்லயே! கூட்டிக் கொறைக்க ஒரு சின்னச் சக்கரம் இருக்குமே, எங்க அது?" ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தேடினால் சக்கரத்தைக் காணோம், காய்ந்த சந்தனமும் குங்குமமும்தான் ஒரு கட்டியாக இருந்தன. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை, வண்டியில் கண்ணில் பட்ட பித்தானுக்கெல்லாம் மாமா பொட்டு வைப்பார். அந்தச் சக்கரத்துக்கும் வருஷா வருஷம் வைத்து, ஒவ்வொரு தரமும் விரலால் கீழே அழுத்தி, கடைசியில் அசையாமல் இறுகவைத்துவிட்டார். பகலில் லைட் போடாதவரை அது தெரியவே இல்லை. நானா பழைய பல் துலக்கும் பிரஷால் சுரண்டிச் சக்கரத்தை மேலே தள்ளினார். லைட் எரிய எரிய, மணியும் எரிந்தது. மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். என் தங்கை, இந்தக் குடும்பத்துக்கா அக்காவைக் கொடுத்தோம் என்பதுபோல் நின்றாள்.

அதற்குப் பிறகும் மாமா நன்றாகவே ஓட்டினார். லைட் கட்டளை போட்டது யார் என்று மாமியைச் சீண்டாத நாளில்லை. மாமியும் சளைக்காமல், "பொட்டு வச்சது யாராம்?" என்பார்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், ஹயர் முடிந்து வந்தவர் நேராக அடுப்படிக்கு வந்தார். சாவியைச் சுவெட்டரில் துடைத்து என் கையில் வைத்தார். "ஏன் மாமா, மணி மறுபடி மங்கிருச்சா?" என்று சிரித்தேன்.

"மணி நல்லாத் தெரியிதும்மா. எதுக்க வந்த பஸ்சுதான் தெரியல."

அவர் செய்த சத்தியத்தில் பஸ் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திராது. நேர்மையாக வாழ்ந்த மனுஷன் என்று அந்த நிமிஷத்தில் நினைத்துக்கொண்டேன். மாமி முகத்தில் வெற்றிக் களை வரும் என்று பார்த்தேன். அவர் எழுந்துபோய் மாமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

மறு வாரமே கண் டாக்டரிடம் போனோம். நான்தான் ஓட்டினேன். இப்போதும் எங்கே போனாலும் மாமா எனக்குப் பக்கத்தில்தான். வளைவில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துவிட்டால், அவருடைய வலது கால் வெறும் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்துகிறது. பின் சீட்டிலிருந்து மாமி அவர் தோளைத் தட்டுகிறார்.

"சும்மா இருங்க. புள்ள ஓட்டுறால்ல."