வடிவு ரொட்டி தின்ற வெள்ளிக்கிழமைகள்

மரக்காணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மீனவர் குப்பத்தில் ரொட்டி என்றால் ஒரே அர்த்தம்தான்: யாருக்கோ உடம்பு சரியில்லை. காய்ச்சல் வந்தால் பாலில் நனைத்த ரொட்டி. ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு ரொட்டி பாக்கெட். உடம்பு நன்றாக இருக்கிற மனுஷி ஆசைப்பட்டு ரொட்டி தின்பாள் என்று அங்கே யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

வடிவு அந்தக் குப்பத்துக்காரி. வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருஷமாகத் திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அவள் வாய்க்காகவே அவளிடம் மீன் வாங்குகிறவர்கள் உண்டு. பேரம் பேசும் வாத்தியார் ஒருவரிடம், "இந்த வவ்வாலு மீனு உங்க பேரைச் சொல்லிக்கினேதான் சார் வலையில வுழுந்துச்சி, வாணாம்னு சொன்னா அதும் மனசு இன்னா பாடுபடும்?" என்றாள். வாத்தியார் இரண்டாக வாங்கிக்கொண்டு போனார்.

அவள் மகள் செந்தாமரை விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருஷம் மகளைப் பார்க்கப் போனபோது, "வாம்மா, புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்று அவள்தான் அம்மாவை ஒரு சாண்ட்விச் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கம்பெனிக் கடை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தொப்பியும் கையுறையும் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள்.

"எந்த ரொட்டிம்மா? வெள்ளையா, கோதுமையா, பல தானியமா?"

"கேப்பையில இருக்குதா?"

"இல்லம்மா."

"அப்ப வெள்ளையே குடு."

"ஆறு இஞ்சா, ஒரு அடியா?"

வடிவு மீன்காரி அல்லவா. "அடின்னா தலை, வாலு சேர்த்தா?" என்று கேட்டாள். செந்தாமரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கேள்விகள் முடியவில்லை. வெங்காயம் போடவா, வெள்ளரி போடவா, சீஸ் வேண்டுமா, சூடு பண்ணவா, எந்த சாஸ்? "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட எங்க மாமியா இத்தினி கேள்வி கேக்கலம்மா" என்றாள் வடிவு. ஆனால் நாலாவது கேள்விக்குள் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இருபத்தாறு வருஷமாக ஊரார் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: தலையை எடு, துண்டைச் சின்னதாப் போடு, முட்டையைத் தனியா வை. இங்கே அவள் விரலை நீட்டினால் ஒருத்தி அதைச் செய்கிறாள். "அந்தப் பச்சை மொளகா ஊறுகா இன்னும் நாலு வை. வெள்ளரி போதும், எடுத்துடு. இல்ல, வை." அந்தப் பெண் எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

கடித்ததும் மேல் ரொட்டி மொறுமொறு என்று உடைந்தது. உள்ளே சுட்ட கோழி. கடுகு சாஸ் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி நாளா எங்கடி இருந்துச்சி இது?" என்றாள்.

அடுத்த சில மாதத்தில் திண்டிவனத்திலும் அதன் கிளை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் பாதி ஊர் மீன் தின்னாது. வடிவு கொஞ்சமாகத்தான் மீன் கொண்டுவருவாள், பதினோரு மணிக்கே கூடை காலியாகிவிடும். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவிக்கொண்டு, பையில் வைத்திருக்கும் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கடைப் பெண் துர்கா அவளைக் கண்டதும் மிளகாய் டப்பாவைத் திறந்துவிடுவாள்.

வீட்டுக்காரர் சேட்டுவிடம் அவள் மூச்சு விடவில்லை. பயமெல்லாம் இல்லை. சொன்னால், "எனக்கு ஒண்ணு வாங்கினு வா" என்று சொல்லிவிடுவார். அப்புறம் அது அவள் ரொட்டியாக இருக்காது.

எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு, குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ராஜ்குமார் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டான். நேராகச் சேட்டுவிடம் போய், "சித்தப்பா, சித்திக்கு உடம்பு எதுனா செரியில்லயா? திண்டிவனத்துல தனியா குந்திக்கினு ரொட்டி தின்னுக்கினு இருக்குது. கண்ணுல தண்ணி வேற" என்றான்.

வலை பிரித்துக்கொண்டிருந்த சேட்டுவுக்குக் கை நின்றுவிட்டது. மகளுக்குப் போன் போட்டார்.

"செந்தாமர, உங்கம்மா திண்டிவனத்துல ரொட்டி தின்றாளாமே. இன்னா வியாதிம்மா அவளுக்கு?"

செந்தாமரைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சொல்லமாட்டேன் என்று அம்மாவுக்கு சத்தியம் பண்ணியிருக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மாவையே... கேளு நைனா" என்று இழுத்து இழுத்துச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மகள் விம்முகிறாள் என்றே சேட்டு நினைத்தார். நர்ஸ் பொண்ணே அழுகிறாள் என்றால் அது சாதாரண வியாதியா? அன்று அவர் சாப்பிடவில்லை. அவள் பிழைத்தால் பெருமுக்கல் மலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறி வருவதாக வேண்டிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாமல் வடிவுக்குப் பின்னாடியே அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

மீன் விற்று முடித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு அவள் கடைக்குள் போவதை வெளியே நின்று பார்த்தார். கண்ணாடிக் கதவு. ஏசி. தொப்பியும் கையுறையும் போட்ட பெண்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஸ்கேன் சென்டர் ஒன்றில் இதே மாதிரி பார்த்திருக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நேராகத் துர்காவிடம், "அம்மா, எத்தினி செலவானாலும் பாத்துக்கலாம். எங்கிட்ட உண்மைய சொல்லுங்க. பொழைப்பாளா?" என்று கேட்டார்.

துர்கா ஒன்றும் புரியாமல், "ஆறு இஞ்சா சார், ஒரு அடியா?" என்றாள்.

சேட்டு உடைந்து அழுதுவிட்டார். ஆபரேஷனில் அறுக்கப்போகும் நீளத்தைக் கேட்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

வடிவு வாயில் ரொட்டியோடு எழுந்து ஓடிவந்தாள். "யோவ், இன்னாய்யா இது? எனக்கு ஒண்ணும் இல்ல. ஆசைக்குத் தின்றேன்யா!"

"ஆசைக்கா? ரொட்டியையா?"

"ஆமா."

"எத்தினி நாளா?"

"எட்டு மாசமாய்யா. ஒக்காரு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோபம் வரவேண்டிய இடம். ஆனால் பொண்டாட்டி சாகப்போவதில்லை என்ற நிம்மதியில் கோபம் எங்கேயோ போய்விட்டது. அவள் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். "ஆட்டுக்குப் போடற மாதிரி தழையா வச்சிருக்கறான்" என்று முனகிக்கொண்டே அவர் முழுசாகத் தின்று முடித்தார். தட்டுத்தாளில் ஒட்டியிருந்த சாஸையும் விரலால் வழித்தார்.

திரும்பி வரும்போதுதான் சிக்கல் தெரிந்தது. ராஜ்குமார் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தான். வாசலில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக எட்டுப் பேர் நின்றார்கள். வடிவு சேட்டுவைப் பார்த்தாள். ரொட்டிக் கடையில் அழுததைச் சொல்ல அவருக்கு வெட்கம். மெதுவாக, "வாரா வாரம் வைத்தியத்துக்கு வரச் சொல்லிருக்காங்க" என்றார்.

அந்தப் பொய் வடிவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பாயில் சாய்ந்து லேசாக முக்கி முனகினாள். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். சேட்டுதான் பாவம். "வேண்டிக்கினது வேண்டிக்கினதுதான்" என்று வடிவு அவரை வெயிலில் பெருமுக்கல் மலைக்கு ஏறவிட்டு, கீழே நிழலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வைத்தியத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். மூன்றாவது வாரம் சேட்டுவின் அக்கா குப்பம்மாள் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள்.

"எனக்கும் மூட்டு வலி பேஜாரா இருக்குதுடி. அந்த டாக்டருகிட்ட என்னையும் காட்டு."

"அண்ணி, அது வந்து..."

"பீஸு நானே குடுத்துக்கறேன். பஸ்ஸு வருது, ஏறு."

வேறு வழியில்லை. கடைக்குள் போனதும் குப்பம்மாள் சுற்றிப் பார்த்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள், வடிவு முகத்தைப் பார்த்தாள். துர்காவிடம் போய் விரலை நீட்டி, "இது, இது, அது, அந்த மஞ்சத் தண்ணியும் ஊத்து" என்றாள். ஒரு அடி ரொட்டியைத் தலை நிமிராமல் தின்று முடித்தாள்.

சாயங்காலம் குப்பத்தில் இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா சொன்னாரு டாக்டரு?"

குப்பம்மாள் முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினாள். "நல்ல கைராசி. ஆனா வெறும் வயித்தோட போவணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் ஐந்து பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்திக்கு முதுகுவலி, ஒருத்திக்குத் தலைசுற்றல். மற்ற மூன்று பேருக்கு என்ன வலி என்று வடிவு கேட்கவில்லை.