டியூப் லெவலின் மறு முனை

பிள்ளைகளே, நான் கொத்து வேலை மேஸ்திரி. உத்திரமேரூர் பக்கம் வீடு கட்டுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். எங்கள் இன்ஜினியர், யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேர்ந்து கட்டட வேலை படிக்கிற ஆன்லைன் வகுப்பு ஒன்றை நடத்துகிறார்.

"மேஸ்திரி, ஞாயித்துக்கிழமை டியூப் லெவல் பாடம் நீங்கதான் எடுக்கணும்."

"சார், நமக்குப் பேச வராது சார்."

"சைட்ல கத்துறீங்களே, அது போதும்."

டியூப் லெவல் என்பது தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். ஒரு முனை இந்தச் சுவரில், மறு முனை அந்தச் சுவரில். இரண்டிலும் தண்ணீர் நிற்கிற இடம் ஒரே மட்டம்.

பேச வேண்டியதை நோட்டில் நாலு பக்கம் எழுதினேன். சனிக்கிழமை காலையில் வீட்டுச் சுவரிலேயே ஒத்திகை பார்த்தேன். தனி ஆள் என்பதால், மறு முனையில் தண்ணீர் கொட்டாமல் துணியை அடைத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். என் முனையை ஏற்றினேன், இறக்கினேன். மட்டம் சேரவே இல்லை. மூன்று முறை பார்த்தேன். இருபது வருஷ வேலை! நாளைக்கு அத்தனை பேர் முன்னால் இப்படி ஆனால் எந்த முகத்தோடு சைட்டுக்குப் போவேன்? வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன்.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி செல்வி சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு சித்தாளாக வருகிறவள்.

"இன்னாய்யா, தண்ணி உன் பேச்ச கேக்கலியா?"

"டியூப்பு கெட்டுப்போச்சு மே."

"டியூப்பு நல்லாத்தான் கீது. அந்தத் துணிய எடு. நான் புடிச்சிக்கினு இருந்தா வெரல எடுத்திருப்பேன் இல்ல?"

தண்ணீர் சிந்தாமல் இருக்க, ஆளுக்கொரு முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நடப்போம். மட்டம் பார்க்கும்போது இரண்டு பேருமே விரலை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் அடைத்திருந்தால் தண்ணீர் நகராது. இத்தனை வருஷத்தில் 'விரலை எடு' என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. அதனால் என் நோட்டின் நாலு பக்கத்திலும் அந்த விரல் இல்லை. அவளும் இல்லை.

"நாளைக்கு நீயும் வா மே."

"ஐய, நானா? படிச்சவங்கள்லாம் பாப்பாங்க."

"பாக்கட்டும். மறு முனைய யாரு புடிப்பா?"

ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறக்கவில்லை. "மறு முனையில இருக்கறது செல்வி" என்று ஆரம்பித்தேன். பாடம் முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, அவர் சொல்லாமலே எப்ப விரலை எடுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செல்வி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இவரு எந்நேரமும் கத்திக்கினே இருப்பாரும்மா. மட்டம் பாக்கறப்ப மட்டும் கம்முனு ஆயிடுவாரு. அப்ப எடுத்துடுவேன்."

அது எனக்கே தெரியாது.

பிள்ளைகளே, உங்கள் வேலையை ஒருநாள் நீங்களும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள். எழுத உட்காரும் முன், மறு முனையில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.