வேம்படியில் மூன்றாவது கல்லறை

அந்தோணிமேரியிடம் வாயைக் கொடுத்துவிட்டு நல்லபடியாகத் திரும்பியவர் எங்கள் கோயில் பங்கில் யாரும் இல்லை, சாமியாருக்குக் கையாளாக இருக்கும் உபதேசியாரான என்னையும் சேர்த்துத்தான். வெள்ளைக்கல் சுரங்கத்தில் சுத்தியல் பிடித்த கை அவளுக்கு. மண்ணும் மட்டக்கல்லும் கொத்தி எறிந்து, வெள்ளையை மட்டும் கூடையில் சேர்க்கிற வேலை. சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆச்சு, அதட்டல் மட்டும் குறையவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு எல்லாருக்கும் முந்தி வருவது அவள்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, சுரங்கத்து ஓரம் இருக்கிற எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு வாளியோடு வந்து, வேப்பமரத்தடியில் மூன்றாவதாக இருக்கும் சின்னக் கல்லறைக்கு வெள்ளை அடிப்பாள். பெயர் எழுதாத கல்லறை. எண்பத்தாறில் அவளுக்கு வீட்டிலேயே பிறந்த பெண் குழந்தை மூன்றாம் நாள் இறந்துபோனது. அன்று அவள் ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தாள். அடக்கம் பண்ணியது புருஷன் அமிர்தசாமி. அவள் எழுந்து நடமாடியபின் இந்த இடத்தைக் காட்டினான். அப்புறம் அவர்களுக்குப் பிள்ளையே இல்லை.

போன வருஷம் தோட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது. கேட்க ஆளில்லாத கல்லறைகளைத் தோண்டிப் புது அடக்கத்துக்குக் கொடுப்பதென்று பங்குப் பேரவை முடிவு செய்தது. சொந்தக்காரர்கள் வந்து பதிந்துகொள்ளச் சொன்னோம். அந்தோணிமேரியும் அமிர்தசாமியும் வந்தார்கள்.

"மூணாவது எங்களுது. எழுதிக்கங்க" என்றாள்.

பழைய பதிவேட்டைப் பிரித்தேன். மூன்றாவது கல்லறை: அலெக்ஸ், நான்கு வயது, சுரங்கத்து லாரி டிரைவர் மகன், 1971. அந்தக் குடும்பம் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டது. இவள் குழந்தையின் அடக்கம் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதைச் சொன்னேன்.

"கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்க!"

துடைத்துவிட்டே பார்த்தேன். அதற்குள் அமிர்தசாமி வாயைத் திறந்தான்.

"அது நம்ம புள்ளையில்ல மேரி. ஞானஸ்நானம் வாங்காத புள்ளைய உள்ள வெக்க உடமாட்டாங்கன்னு அப்ப இருந்த உபதேசியாரு சொல்லிப்போட்டாரு. தோட்டத்துச் சுவத்துக்கு வெளிய வெச்சேன். நீ தாங்கமாட்டேன்னுதான் இதக் காட்டுனேன்."

அப்ப இருந்த உபதேசியார் என் அப்பா. சுவருக்கு வெளியே பிற்பாடு சுரங்கத்துக் கழிவுக்கல்லைக் கொட்டி, இன்று அது தென்னைமர உயரத்துக்கு மேடாக நிற்கிறது.

அவள் புருஷனைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ மெதுவாகத்தான் பேசினாள்.

"ஞானஸ்நானம் வாங்கலைன்னு ஆருங்க சொன்னா? எனக்கு நெனவு தப்பறதுக்கு முந்தி, நீங்க தூங்குன நேரம், அதுக்கு மூச்சு இழுக்கறப்ப நாந்தானுங்க தண்ணி ஊத்துனேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு தரம். ஜெர்லின்னு பேரும் வெச்சேன். ஆபத்துக்கு ஆரு வேணா ஊத்தலாம்னு ஞாயித்துக்கெழம வகுப்புல சொல்லித்தந்ததுதான? என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல?"

அவள் சொன்னது சரி. அந்த ஞானஸ்நானம் செல்லும். உள்ளே இடம் கிடைத்திருக்கும். எனக்கு அமிர்தசாமிமேல் வந்த ஆத்திரம் அப்படியே என் அப்பா பக்கம் திரும்பியது. என்ன செய்ய, அவரும் அதே தோட்டத்தில்தான் படுத்திருக்கிறார், உள்ளே, நல்ல இடத்தில்.

பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு பதிவேட்டில் எழுதினேன்: ஜெர்லின், மூன்று நாள், ஞானஸ்நானம் கொடுத்தவர் தாய். அடக்கமான இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"சுவத்துக்கு வெளியன்னே எழுதுங்க. படிக்கறவங்களுக்குத் தெரியட்டும்" என்றாள்.

"அப்போ மூணாவது? அதுக்குத்தான் கேட்க ஆளில்லையே" என்றேன்.

"தோண்டித்தான் பாருங்க! முப்பத்தெட்டு வருசம் எங்கையால சுண்ணாம்பு அடிச்சிருக்கேன். அந்தப் பையனுக்கும் ஆளு நாந்தான்."

கல்லறைத் திருநாளன்று அலெக்ஸுக்கு வெள்ளை அடித்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, இருவரும் வாளியோடு வெளியே போனார்கள். கல்மேட்டின் முன்னால் அமிர்தசாமி திகைத்து நின்றான்.

"எந்த எடம்னு எனக்கே தெரியலியே மேரி."

"தெரியலீன்னா முழுசும்தான் அடிக்கோணும். அந்தக் கோடியில இருந்து வாங்க" என்று சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை வாளியில் முக்கினாள்.