அம்மனிடம் என் மகளுக்கே குறி கேட்டேன்

என் மகள் கலாவால் உட்கார முடியாது. இதுதான் எங்கள் கஷ்டம். இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அப்போது நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தோம். எழுபத்தெட்டில் கலாவைத் தோட்டத்துப் பள்ளியில் சேர்த்தோம். கொஞ்ச நாளிலேயே வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒங்க மக பெஞ்சுல இருக்கறதவிட ஜன்னல்லதான் அதிகமா இருக்கு" என்றார்.

எழுத ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவாள். சொன்னது மனதில் தங்காது. அடித்தால் அழுவாள். அழுது முடிப்பதற்குள் வேறு எதையோ துரத்திக்கொண்டு ஓடுவாள். தோட்டத்து மருந்தகத்து டிரஸர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பூச்சி போயிருக்கலாம். ஓட்டம் போகவில்லை.

எண்பத்தொன்றில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. உருமி மேளம் அடித்தார்கள். கலா கூட்டத்துக்குள் புகுந்து ஆட ஆரம்பித்தாள். உருமி நின்ற பிறகும் அவள் நிற்கவில்லை. பூசாரி அவள் நெற்றியில் விபூதி பூசி, "அம்மா வந்திருக்கா" என்றார். அவளுக்கு அப்போது பத்து வயது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் அவளிடம் குறி கேட்க வந்தார்கள். கேள்வி பாதியில் இருக்கும்போதே கலா பதில் சொல்லிவிடுவாள். பள்ளியில் இதற்காகத்தான் அடி வாங்கினாள். கோயிலில் இதையே சக்தி என்றார்கள். பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். அதுவரை திட்டியவர்கள் எல்லாம் இப்போது காலில் விழுந்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் பெருமை பிடிபடவில்லை. எனக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை.

ஈப்போவில் இருக்கும் என் தங்கை, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டர் இருப்பதாகச் சொன்னாள். வீட்டில் பேச்செடுத்தேன்.

"சாமி எறங்குற ஒடம்புல ஊசி குத்துவியா? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

பூசாரியைக் கேட்டேன். "இங்கிலீஷ் மருந்து பட்டா அம்மா கோவிச்சுக்குவா, லெட்சுமி. வேணாம்லா" என்றார்.

ஆஸ்பத்திரிப் பேச்சை அதோடு விட்டேன். அம்மன் கோபித்துக்கொண்டால் யார் தாங்குவது? நானும் அவளைக் கும்பிட்டு வளர்ந்தவள்தான்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், எதையோ பார்த்துக் கலா ரோட்டில் பாய்ந்தாள். ரப்பர் பால் ஏற்றி வந்த லாரி அவளை இடிக்காமல் நின்றது. டிரைவர் இறங்கி வந்து என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ரோட்டில் விழுந்து கிடந்த கலா எழுந்து மறுபடியும் ஓடினாள்.

அன்று சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். "தாயே, என் பிள்ளை மேல் இருப்பது நீதானா? நீ என்றால் நீயே அவளைக் காப்பாற்று. நீ இல்லை என்றால் எனக்கு ஒரு வழியைக் காட்டு. அடுத்த லாரி நிற்காது" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதுதான் சரி.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. குறி கேட்க ஊரில் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. பெற்றவளுக்கு மட்டும் கிடையாதா?

வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தோடு மற்ற பெண்களுக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்தது. கலா ஆடிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மஞ்சள், வேர்வை. என் மகளுக்கு முன்னால் நானே முட்டி போட்டேன்.

"தாயே, என் மகளுக்கு என்ன? நான் என்ன செய்யணும்?"

எப்போதும் பாதிக் கேள்வியில் பதில் சொல்பவள், அன்று முழுசாகக் கேட்டாள். பிறகு சின்னக் குரலில் சொன்னாள்.

"எனக்கு நிக்கணும்மா. காலு கேக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா."

அம்மன் யாரையும் 'அம்மா' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் பாடு திண்டாட்டம். பேசியது பிள்ளைதான் என்றால், இத்தனை வெள்ளிக்கிழமையும் பேசியது யார்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மா வாக்கு. தட்டக்கூடாது, கூட்டிட்டுப் போங்க" என்றார். என் வீட்டுக்காரர்தான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. அந்த டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தோம். சீன டாக்டரம்மா. கலாவை விளையாட விட்டுப் பார்த்தார், எங்களிடம் நிறையக் கேட்டார். ஹைப்பர்எக்டிவ் என்றார். சேட்டை இல்லை, பேய் இல்லை, வளர்ப்பும் காரணமில்லை என்றார். பிறகு மலாய் மொழியில் "கெனாப்பா லம்பாட்?" என்று கேட்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்று. அவர் வருஷங்களைத்தான் கேட்டார். பஸ் லேட் என்று சொல்லிவிட்டு அழுதேன்.

காலையில் மாத்திரை கொடுத்தோம். முதலில் சாப்பாடு இறங்கவில்லை, அளவைக் குறைத்தார்கள். வாத்தியார் அவளை முன்பெஞ்சில் வைத்து, நடுவில் எழுந்து நடக்கவும் விட்டார். ஒரு பக்கத்தை முதல்முறையாக முழுசாக எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். கோணல் மாணலான எழுத்து. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குறி கேட்க வந்தவர்கள் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள்.

அவள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஒருநாள் கேட்டேன், அன்றைக்குப் பேசியது நீயா, அம்மனா என்று.

"நீ யார்கிட்ட கேட்ட?" என்றாள்.

"அம்மன்கிட்ட."

"அப்ப அவங்கதான்மா" என்று சிரித்தாள்.

வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறேன். வழி கேட்டேன், கொடுத்தாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அம்மனை நம்புங்கள், கயிறு கட்டுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே பஸ்ஸும் ஏறுங்கள். கலா இப்போது ஈப்போ பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. அவளுக்கு உட்காரவே வேண்டாம். பிள்ளையோடு ஏறினால் அவளிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு எங்கே இறங்க வேண்டும் என்று அவளே காட்டுவாள்.